டாக்டரோட உச்சரிப்பை நான் திருத்தின கதை

புதுசா வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைங்களே, நேர்ல வந்து பேச முடியாததுக்கு மன்னிக்கணும். என் தொண்டைக்குள்ள ஒரு சின்ன முடிச்சு வந்திருக்கு. "இனிமே பேச்சைக் குறைக்கணும்"னு டாக்டர் சொன்னார். பேசிப் பிழைக்கிறவன்கிட்ட சொல்ற சொல்லா அது? வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட சோகமாச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்"ன்னா. அப்படித்தான் ஐம்பத்தி நாலு வயசுல நான் ரிட்டையர் ஆனேன். பேச வேண்டியதை எழுதியாவது கொடுன்னு நம்ம கிளினிக்ல கேட்டாங்க. எழுதறேன். தமிழ் எழுத்துப் படிக்கத் தடுமாறறவங்களுக்கு யாராவது சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. என் தொண்டை போனாலும் உங்க தொண்டை இருக்கே.

நம்ம வேலைக்குச் சரியான பேர் கிடையாது. ஐடி கார்டுல கவுன்சலிங் அசிஸ்டன்ட்னு போட்டிருப்பாங்க. உள்ளபடி பார்த்தா டாக்டர் ஒரு பாஷை, வர்ற ஆள் ஒரு பாஷை, நடுவுல நாம. மட்டாஞ்சேரியில ஒரு சந்துல சண்டை வந்தா அஞ்சு பாஷையில திட்டு வாங்கலாம். கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, நம்ம தமிழ், எல்லாத்துக்கும் மேல மலையாளம். மனசு வலிச்சா மட்டும் அவங்கவங்க அம்மா பாஷைதான் வாயில வரும். அங்கதான் நமக்குச் சோறு.

நான் இதுக்குன்னு படிச்சவன் இல்லை. அதுக்கு முன்னாடி ஒரு ஏலக்கா மண்டியில இருந்தேன். இந்தி அங்க கத்துக்கிட்டது. ஈரம் எவ்வளவு, தூசி எவ்வளவு, லாரி எப்ப வரும், இதுல எல்லாம் நான் பண்டிட். 'உங்க மனசுல என்ன பாரம்'னு இந்தியில கேட்கணும்னா, எனக்குத் தெரிஞ்ச பாரம் குவிண்டால் கணக்குதான். அப்படிப்பட்டவனை, இந்தி மட்டும் பேசற ஒரு மனநல டாக்டருக்குப் பக்கத்துல உட்கார வச்சாங்க. கிளினிக்குக்கு அன்னைக்கு வேற ஆள் கிடைக்கலை. இன்னைக்கும் அதுதான் உண்மையான காரணம்.

அந்த டாக்டரைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்.

என்னை விடப் பத்து வயசாவது சின்னவங்க. நாக்பூர்ப் பக்கம். குடும்பமே பௌத்தம். மத்த வீட்டுல பிள்ளைங்களை டியூஷனுக்கு அனுப்பற மாதிரி, இவங்களைச் சின்ன வயசுலயே தியானத்துல உட்கார வச்சுட்டாங்களாம். "பாதி நாள் தூங்கிடுவேன்"னு அவங்களே சொல்லியிருக்காங்க. ஆனா அந்தப் பாதி நாள்ல என்னத்தைக் கத்துக்கிட்டாங்களோ, ஒரு மனுஷன் கோபத்துல மேஜையைத் தட்டி, சாயா முழுக்க அவங்க சேலையில கொட்டினப்போ, அவங்க சேலையைப் பார்க்கலை, அந்த ஆளோட கையைப் பார்த்தாங்க. "கை சுட்டுச்சா?"ன்னு கேட்டாங்க. நான் மொழிபெயர்க்க மறந்து வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஆளுக்கு இந்தி தெரியாது. ஆனா புரிஞ்சுபோச்சு, அழ ஆரம்பிச்சிட்டான். அன்னைக்கு என் வேலைக்கு ஆபத்துன்னு நினைச்சேன்.

முதல் ஆறு மாசம் நான் நினைச்சது, இவங்களுக்கு உணர்ச்சியே கிடையாது, கல்லுன்னு. சாயா குடிக்கப் போற இடத்துல எல்லாம் அப்படித்தான் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அது எவ்வளவு தப்புன்னு தெரிஞ்சது சாந்தாக்கா விஷயத்துல.

வியாழக்கிழமை தோறும் ஒரு கூட்டம் வச்சிருந்தாங்க டாக்டர். நோயாளிக்கு இல்லை, நோயாளியைப் பார்த்துக்கிறவங்களுக்கு. குடிகாரனோட பொண்டாட்டி, ஞாபகம் தப்பின அம்மாவோட மகன், இப்படி எட்டுப் பத்து பேர் வட்டமா உட்காருவாங்க. கொஞ்ச நேரம் கண்ணை மூடி மூச்சைப் பார்க்கணும். அப்புறம் பேச்சு. அங்க வந்தவங்கதான் சாந்தாக்கா. பாலக்காட்டுல இருந்து எப்பவோ கொச்சிக்கு வந்த தமிழ்க் குடும்பம். வீட்டுல ஸ்கூல் யூனிபாரம் தைக்கிறாங்க. அம்மா அப்பா போன பிறகு வீட்டுல ரெண்டே பேர், அவங்களும் தம்பி மணியும். மணிக்குத் தோப்பும்படியில போட் என்ஜின் ரிப்பேர் பண்ற ஒர்க்‌ஷாப்ல வேலை. கை வச்சா என்ஜின் பாடும்னு சொல்வாங்க. கிளாஸ்ல கை வச்சா இவன் பாடுவான்.

சாந்தாக்கா தினமும் சாயங்காலம் தையலை நிறுத்திட்டு, மட்டாஞ்சேரியில பஸ் ஏறித் தோப்பும்படி பாலத்துக்கிட்ட இருக்கிற ஸ்டாப்புல போய் நிப்பாங்க. ஒர்க்‌ஷாப்புல இருந்து பாருக்குப் போற வழி அதுதான். தம்பியைக் கையைப் பிடிச்சு பஸ்ல ஏத்தி வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். சில நாள் பிடிப்பாங்க. சில நாள் அவன் வேற சந்து வழியாப் போயிடுவான்.

அன்னைக்குக் கூட்டத்துல சொன்னாங்க: "அவன் நடையைப் பார்த்தே என் வயிறு தீர்மானிச்சிடும் டாக்டர், இன்னைக்குச் சோறு உண்டா இல்லையான்னு. அவன் குடிக்கலைன்னா மீன் வாங்குவேன். குடிச்சா அடுப்பே பத்த வைக்க மாட்டேன். எனக்கு இறங்காது. இப்படியே வருஷம் போச்சு. நான் மெலிஞ்சுட்டேன், அவன் நல்லாத்தான் இருக்கான்."

எல்லாரும் சிரிச்சாங்க. அவங்களும் சிரிச்சாங்க, சிரிச்சிட்டே அழுதாங்க.

டாக்டர் கேட்டாங்க, "இப்ப எங்க பிடிக்குது?" சாந்தாக்கா வயித்துல கை வச்சாங்க. "அங்கயே கையை வச்சுக்கோங்க. மூச்சு விடுங்க. விரட்ட வேண்டாம், பாருங்க." அப்புறம் டாக்டர் மெதுவா, அன்பு, இரக்கம், அடுத்தவங்க சந்தோஷத்துல சந்தோஷம் மூணும் உங்ககிட்ட நிறைய இருக்கு, நாலாவதா ஒண்ணு வேணும்னு சொல்லிட்டு, ஒரு வார்த்தை சொன்னாங்க.

"உபேக்கா."

பிள்ளைங்களே, இங்க கவனிங்க. எனக்கு டாக்டரைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு. வடக்கத்திக்காரங்க, 'க்ஷ' வாயில வரலை போலன்னு நினைச்சேன். நம்ம டாக்டர் நாலு பேர் முன்னாடி வெட்கப்படக் கூடாதேன்னு, நல்லெண்ணத்துல, நான் அதைத் திருத்தி, அழுத்தம் கொடுத்துச் சொன்னேன்.

"உபேக்ஷ. சாந்தாக்கா, உபேக்ஷிக்கணும்கிறாங்க."

கொச்சியில பிறந்தவனுக்கு உபேக்ஷிக்கிறதுன்னா கைவிடறது, தூக்கிப் போடறது. ஓடாத பைக்கை ரோட்டோரம் உபேக்ஷிப்பாங்க. தேர்தல் வந்தா கட்சியை உபேக்ஷிப்பாங்க. எங்க கிளினிக் செவுத்துலயே பெரிய எழுத்துல மலையாளத்துல ஒட்டியிருக்கும், மத்யம் உபேக்ஷிக்கூன்னு. சாராயத்தைக் கைவிடுங்கன்னு அர்த்தம். அதுக்குக் கீழ உட்கார்ந்துதான் நான் இந்த மொழிபெயர்ப்பைச் செஞ்சேன்.

எனக்கே ஒரு நிமிஷம் திடுக்குன்னு இருந்துச்சு. இவ்வளவு கடுமையாச் சொல்றாங்களேன்னு. அப்புறம், படிச்சவங்க, ஏதோ ஷாக் ட்ரீட்மென்ட் போலன்னு விட்டுட்டேன். பாசம் இருக்கட்டும், பிடிதான் விடணும்னு டாக்டர் தொடர்ந்து சொன்னதையும் ஒழுங்காத்தான் சொன்னேன். ஆனா உபேக்ஷன்னு ஒரு தடவை காதுல விழுந்த பிறகு, மத்ததெல்லாம் கல்யாண வீட்டு ஸ்பீக்கர் மாதிரி. கேட்கும், ஏறாது.

சாந்தாக்கா அழுகையை நிறுத்தினாங்க. முந்தானையால முகத்தைத் துடைச்சாங்க. "டாக்டரே சொல்லிட்டாங்கல்ல"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. முகம் அவ்வளவு தெளிவு. டாக்டருக்குச் சந்தோஷம். எனக்கும் சந்தோஷம். என்ன வார்த்தைடா, ஒரே வார்த்தையில வேலை முடிஞ்சிருச்சேன்னு வீட்டுக்குப் போய்ப் பெருமை வேற அடிச்சேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிச்சிட்டு வந்து கிளினிக் வாசல்ல செருப்பைக் கழட்டறேன், மாடியில சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா மணி. நெட்டையா, கையெல்லாம் கிரீஸ் கறையா, நடு ஹால்ல நிக்கிறான். கால்கிட்ட ஒரு பிக் ஷாப்பர் பை. துணிமணி பிதுங்கி நிக்குது. குடிக்கலை. அதுதான் எனக்குப் பயமாப் போச்சு. குடிச்சவன் கோபத்தை நான் பார்த்திருக்கேன், மத்தியானம் தெளிஞ்சு நிக்கிறவன் கோபம் வேற.

"யாருடா அது, உபேக்ஷிக்கச் சொன்னது?"

நான் தூணுக்குப் பின்னால போகலாமான்னு பார்த்தேன். தூண் என் உடம்புக்குப் பத்தாது.

"காலையில எந்திரிச்சா என் துணி வாசல்ல இருக்கு. 'டாக்டர் சொல்லிட்டாங்க, உன்னை உபேக்ஷிக்கணுமாம்'னா. அழக்கூட இல்லை அவ. மெஷின்ல உட்கார்ந்து தைக்கிறா!" செவுத்துப் பக்கம் கையை நீட்டினான். "இங்க சாராயத்தை உபேக்ஷிக்கச் சொல்றீங்க. அவகிட்ட என்னை உபேக்ஷிக்கச் சொல்றீங்க. எங்க ரெண்டு பேர்ல யாரு சாராயம்?"

ஹால்ல இருந்தவங்க யாரும் சிரிக்கலை. எனக்கு மட்டும் சிரிப்பு வந்துச்சு. என்னோட வியாதி அது, பயம் வந்தா சிரிப்பு வரும்.

"குஜராத்துப் பக்கம் போற போட் ஒண்ணு நிக்குது. என்ஜின் பார்க்க ஆள் கேட்டாங்க. ஐஸ் ஏத்தி முடிச்சா ஏழு மணிக்குக் கிளம்பும். நான் போறேன். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். உங்களுக்குச் சமாதானமாச்சா?"

அந்தப் போட்டுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். முன்னாடி ஒரு தடவை இவன் அப்படிப் போயிருக்கான். கரையில சாந்தாக்கா இருந்தாலாவது ஒரு கை பிடிக்கும். கடல்ல இவனுக்குப் பிரேக் கிடையாது. அந்தத் தடவை திரும்பி வந்தப்போ ஸ்ட்ரெச்சர்லதான் இறக்கினாங்க. இன்னொரு தடவை போனா இறக்கறதுக்கு ஆள் இருக்குமான்னு தெரியாது.

டாக்டர் ரூமை விட்டு வெளிய வந்தாங்க. 'அமைதியா இருங்க'ன்னு சொல்லலை. அவனுக்கு எதிர்ல ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவங்க முதல்ல உட்கார்ந்தாங்க. அவன் நிக்கிறான், அவங்க நிமிர்ந்து பார்க்கிறாங்க. நான் அவன் சொன்னதை எல்லாம் சொல்லி முடிச்சேன். என்கிட்ட கேட்டாங்க, "நேத்து நான் சொன்ன வார்த்தையை நீங்க எப்படிச் சொன்னீங்க? அதே மாதிரி சொல்லுங்க."

"நீங்க சொன்னதைத்தான் சொன்னேன் டாக்டர். உபேக்ஷ."

அவங்க கண்ணு கொஞ்சம் பெரிசாச்சு. "நான் சொன்னது உபேக்கா. பௌத்தத்துல வர்ற பாலி மொழி வார்த்தை. உபேக்ஷான்னா இந்தியிலயும் கண்டுக்காம விடறதுதானே? அதனாலதான் நான் அந்தப் பக்கமே போகலை."

ஏலக்கா மண்டியில யாரும் யாரையும் உபேக்ஷா பண்ணினதில்லை டாக்டர், அதான் எனக்குத் தெரியலைன்னு சொல்ல வந்தேன். அவங்க முகத்தைப் பார்த்து முழுங்கிட்டேன். திட்டுவாங்கன்னு காத்திருந்தேன், திட்டலை. மணி பக்கம் திரும்பி, "தப்பு எங்க பக்கம். நாங்க சொல்ல வந்தது வேற, உங்க அக்கா கேட்டது வேற. மன்னிச்சிடுங்க"ன்னாங்க. அதை நான் மலையாளமும் தமிழும் கலந்து, வழக்கத்தை விட ரொம்ப மெதுவாச் சொன்னேன்.

மணி கொஞ்சம் இறங்கினான். "அப்ப அவளைக் கூப்பிட்டுச் சொல்லுங்க, தப்பாச் சொல்லிட்டோம், அவனை வீட்டுல ஏத்துன்னு. இப்பவே சொல்லுங்க."

நியாயமான பேச்சுதானே? நானா இருந்தா அந்த நிமிஷமே போனை எடுத்திருப்பேன். வாயில இருந்து போன தப்பு எப்படியாவது திரும்பி வந்தாப் போதும்னு இருந்துச்சு எனக்கு. ஆனா டாக்டர் சொன்னாங்க: "போன் பண்றோம். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு சொல்றோம். வீட்டுல ஏத்து, ஏத்தாதேன்னு நான் சொல்ல மாட்டேன். அது உங்க அக்காவோட வீடு."

"நான் ஏழு மணிக்குப் போட்ல ஏறிடுவேன்."

"ஏறினா எனக்குக் கஷ்டமா இருக்கும்"னாங்க டாக்டர். அவ்வளவுதான். கெஞ்சலை, மிரட்டலை.

போனை ஸ்பீக்கர்ல போட்டோம். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடற சத்தம், அப்புறம் நின்னுச்சு. நான் விஷயத்தைச் சொன்னேன்.

"இக்கா"ன்னாங்க, முஸ்லிம் அண்ணனை எங்க ஊர்ல அப்படித்தான் கூப்பிடுவாங்க. "அப்ப நான் அவனை விட வேண்டாமா?"

"விடணும்னும் சொல்லலை, பிடிக்கணும்னும் சொல்லலை சாந்தாக்கா."

"பின்ன எந்தா சொன்னாங்க?"

மாட்டிக்கிட்டேன். அதுக்கு நம்ம பாஷையில என்ன சொல்றது? சமநிலைன்னா ஸ்கூல் புஸ்தகம் மாதிரி இருக்கு. சமபாவம்னா கோயில்ல பிரசங்கம் மாதிரி இருக்கு. டாக்டர் எனக்கு ஒவ்வொண்ணா எடுத்துக் கொடுத்தாங்க. உபேக்காவுக்கு ஒட்டிப் பிறந்த மாதிரி ஒரு கள்ளன் உண்டு, அவன் பேரு 'எனக்கென்ன'. வெளிய இருந்து பார்த்தா ரெண்டுக்கும் ஒரே முகம். ஆனா ஒண்ணுல உள்ள ஆள் இருக்கும், இன்னொண்ணுல வீடு காலி. இதை எப்படிச் சுருக்கிச் சொல்றதுன்னு யோசிச்சேன். எதிர்ல மெக்கானிக் நிக்கிறானே, அவனுக்கும் சேர்த்துப் புரியட்டும்னு, பெரிய புத்திசாலி மாதிரி சொன்னேன்: "நியூட்ரல்ல போடச் சொல்றாங்க சாந்தாக்கா. என்ஜின் ஓடும், ஆனா இழுக்காது."

மணி தலையில அடிச்சுக்கிட்டான். "இக்கா, போட்டை நியூட்ரல்ல போட்டா தண்ணியோட ஒழுக்கு இழுத்துட்டுப் போய் பாலத்துல மோதும். நீங்க தயவு செஞ்சு உதாரணம் சொல்லாதீங்க."

போன்ல சாந்தாக்கா சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. மணியும் அதைக் கேட்டான். தலையைக் குனிஞ்சுக்கிட்டான். டாக்டர், ஏன் சிரிக்கிறாங்கன்னு என்னைப் பார்க்கிறாங்க. என் முட்டாள்தனத்தை நானே இந்தியில மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதாச்சு. "அவர் சொல்றது சரிதான். தண்ணி இழுத்த பக்கம் போறது உபேக்கா இல்லை"ன்னாங்க.

அப்பத்தான் சாந்தாக்கா பேசினாங்க. என்கிட்ட இல்லை, டாக்டர்கிட்டயும் இல்லை, அவன்கிட்ட.

"டா மணி. கேக்குதா? பையை எடுத்து வெளிய வச்சப்போ எனக்கு ஒண்ணும் தோணலை. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. சாவி உன்கிட்ட இருக்கு, அது உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா இனி நான் பாலத்துக்கு வர மாட்டேன். உன்னைப் பிடிக்க வர மாட்டேன். நீ குடிச்சா குடி, குடிக்கலைன்னா குடிக்காதே. ரெண்டுல எதுவானாலும் நான் இன்னைக்குச் சோறு திங்கப் போறேன்."

போன் கட் ஆச்சு. மெஷின் திரும்ப ஓடியிருக்கும்.

நான் அதை வரிக்கு வரி டாக்டருக்குச் சொன்னேன். கடைசி வரியைச் சொன்னப்போ டாக்டர் கண்ணை மூடித் திறந்தாங்க. மணி பையை எடுத்தான்.

"நீங்க எங்க போனாலும் வியாழக்கிழமை இங்க நாற்காலி இருக்கும்"னாங்க டாக்டர்.

அவன் படி இறங்கினான். நான் பின்னால ஓடப் போனேன். பையைப் பிடுங்கி வச்சுக்கலாம், காலைப் பிடிக்கலாம், ஏதாவது பண்ணலாம். டாக்டர் கை அசைச்சாங்க, உட்காருங்கன்னு. உட்கார்ந்தேன். அப்ப அவங்க தண்ணி குடிக்க டம்ளரை எடுத்தாங்க. டம்ளர் பல்லுல பட்டுக் கிடுகிடுன்னு சத்தம் வருது. ரெண்டு கையாலயும் பிடிச்சாங்க, அப்பவும் நிக்கலை. தண்ணி கொஞ்சம் சேலையில சிந்துச்சு.

கல்லுன்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவன் நான். அத்தனையும் உள்ள இருந்திருக்கு. பயம், குற்ற உணர்ச்சி, அவன் செத்துப் போயிடுவானோங்கிற எண்ணம், எல்லாம். அதுல ஒண்ணைக் கூட அவன் தலையில இறக்கி வைக்கலை அவங்க. சாந்தாக்கா தலையிலயும் வைக்கலை. என் தலையிலயும் வைக்கலை, அதுக்கு எனக்குத் தகுதி இருந்தும்.

"பயமா இல்லையா டாக்டர்?"

"இருக்கே"ன்னு கையைக் காட்டினாங்க. "அது இருக்கட்டும். அது சொல்றபடி நான் நடக்கணும்னு இல்லையே." டம்ளரைக் கீழ வச்சாங்க. "அடுத்தவங்களைக் கூப்பிடுங்க. அவங்களும் ரொம்ப நேரமாக் காத்திருக்காங்க. இவங்க பேசும்போது நீங்க மணியை நினைச்சுட்டு இருந்தா, இவங்களுக்கும் தப்பா மொழிபெயர்ப்பீங்க."

அதுல கொஞ்சம் குத்தல் இருந்துச்சுதான். எனக்கு அது மருந்தா இறங்குச்சு.

இதோட முடிச்சா நானும் அன்னைக்கே ஞானம் வாங்கிட்ட மாதிரி இருக்கும். வாங்கலை. வேலை முடிஞ்சதும், எங்க வீடு இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம் போற பஸ்ஸைப் பிடிச்சுத் தோப்பும்படியில போய் இறங்கினேன். பாலத்துக்கிட்ட சாந்தாக்கா எப்பவும் நிக்கிற இடத்துல அவங்க இல்லை. சொன்ன மாதிரியே வரலை. அந்த இடத்துல, பிக் ஷாப்பரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, மணி உட்கார்ந்திருந்தான்.

"இக்கா? டாக்டர் அனுப்பினாங்களா?"

"சே சே. மீன் வாங்க வந்தேன்."

"மீன் ஹார்பர்ல. இது பஸ் ஸ்டாப்."

"தெரியும்டா. பஸ்ல வந்துதானே மீன் வாங்கணும்."

அவன் என்னையே பார்த்தான். அப்புறம் ரோட்டைப் பார்த்தான். மட்டாஞ்சேரியில இருந்து வர்ற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்க்கிறான். இறங்கற ஆளுங்களைப் பார்க்கிறான். "வரலை"ன்னான். "எத்தனை வருஷமா வேற சந்து வழியாப் போயிருக்கேன், இவ கண்ணுல படாம. இன்னைக்கு நேர் வழியில வந்து உட்கார்ந்திருக்கேன், இவ வரலை இக்கா."

வரமாட்டேன்னு சொன்னாங்களேன்னு சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம்னு விட்டேன். உன் கையைப் பிடிச்சு நான் கூட்டிட்டுப் போறேன்டான்னு சொல்ல வாயெடுத்தேன். அதையும் விட்டேன். வயித்துல பிடிச்சுது. கையை அங்க வச்சேன். பிள்ளைங்களே, வாயைத் திறக்காம நான் நின்ன நேரம் என் வாழ்க்கையில ரொம்பக் குறைச்சல். அதுல அது ஒண்ணு. ஹார்பர்ப் பக்கம் ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு.

மட்டாஞ்சேரி பஸ் வந்துச்சு. முன் வாசல் வழியா நான் ஏறினேன். திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு டிரைவர் தலைக்கு மேல தொங்கற பிளாஸ்டிக் பூமாலையையே பார்த்துட்டு நின்னேன். பஸ் நகர்ந்துச்சு. பின் வாசல்ல கண்டக்டர் யாரையோ திட்டற சத்தம்.

"எந்தா சேட்டா இது, இவ்வளவு பெரிய பையை வாசல்ல வச்சா ஆளுங்க எப்படி ஏறுவாங்க?"

நான் பூமாலையைத்தான் பார்த்தேன். ஆனா அது கொஞ்சம் மங்கலாத் தெரிஞ்சது.

அடுத்த வியாழக்கிழமை சாந்தாக்கா வந்தாங்க. வட்டத்துல எப்பவும் உட்கார்ற நாற்காலியில உட்கார்ந்தாங்க. எல்லாரும் கண்ணை மூடி, மூச்சைப் பார்த்து, கண்ணைத் திறந்தோம். டாக்டர் கேட்டாங்க, எப்படி இருந்துச்சு இந்த வாரம்னு.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்தான் டாக்டர். குடிக்கலை. எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. மறுநாள் குடிச்சிட்டு வந்தான். படியிலயே படுத்துட்டான்."

வட்டத்துல யாரோ 'அய்யோ'ன்னாங்க. நானும்தான். மணி குஜராத் போட்ல இருந்து தப்பிச்சதை ஏதோ நானே காப்பாத்தின மாதிரி ஒரு வாரமா மனசுக்குள்ள வச்சிருந்தேன்.

"வயித்துல பிடிச்சுது"ன்னாங்க சாந்தாக்கா. "கையை வச்சு உட்கார்ந்தேன். போகலை. சரி இருக்கட்டும்னு எந்திரிச்சுப் போய் அயலை மீன் கறி வச்சேன். சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு. அவன் பங்கை எடுத்து மூடி வச்சேன்."

சொல்லிட்டு நிமிர்ந்து பார்த்தாங்க. டாக்டர் என்னைப் பார்த்தாங்க, மொழிபெயர்க்கச் சொல்லி.

அத்தனையையும் இந்தியில சொல்லணும். அயலைக்கு இந்தியில என்ன, பங்கை மூடி வச்சேன்கிறதுக்கு என்னன்னு யோசிச்சேன். அப்புறம் விட்டுட்டேன். தொண்டையைச் சரி பண்ணிக்கிட்டு, இந்தத் தடவை 'ஷ' சேர்க்காம, ஒரே வார்த்தை சொன்னேன்.

"உபேக்கா."